வட்டமா உக்காரத் தெரிஞ்சாப் போதும்

வா கண்ணு, உள்ள வா. செருப்பை அங்கயே விட்டுடு. வேலைக்குத்தானே வந்திருக்கறே? மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. இரு, இரு, நீ ஒண்ணும் பேச வேண்டாம். இங்க யாரும் யார்கிட்டயும் கெஞ்ச வேண்டியதில்லை, அதுதான் இந்தக் கம்பெனியோட கொள்கையே. உக்காரு. அந்தச் சேர்ல இல்ல, அது என்ரது, முதுகுக்குன்னு வாங்குனது. கீழ பாய் கெடக்குது பாரு, அதுல உக்காரு. நாங்க எல்லாருமே கீழதான் உக்காருவோம். சமம்னா சமம்தான். எனக்கு முட்டி வலிங்கறதால நான் மட்டும் மேல.

என்ன பாக்கறே, மெஷின் எல்லாம் துணி போத்திக் கெடக்குதேன்னா? அதைத்தான் சொல்ல வர்றேன். போன மாசி வரைக்கும் இங்க இருபது மெஷின் ஓடுச்சு. 'சரிநிகர் நைட்டீஸ்'னா ஈரோட்டுக் கடைவீதில தெரியாத ஆளில்லை. இன்னைக்கு நான் ஒருத்திதான். ஈ ஓட்டிட்டு இருக்கறேன்னு கூடச் சொல்ல முடியாது, ஈயும் தைச்சவளுக பின்னாடியே போயிருச்சு. வர்ற புதன்கெழமை மெட்ராஸ்ல இருந்து விருதுக்காரங்க வர்றாங்க. லாபத்தை மட்டும் பாக்காம பெண்களுக்காகத் தொழில் நடத்தற பெண்களுக்குக் கொடுக்கற விருது. கடைசி மூணு பேர்ல என்ர பேரு வந்திருக்குது. அவங்க பாக்கோணும்ங்கறது மெஷின் இல்லை, சரக்கு இல்லை. வட்டம். நாங்க திங்கக்கெழமை வட்டமா உக்காந்து பேசுவோம்னு எழுதிக் கொடுத்திருந்தேன், அதைக் கண்ணால பாக்கோணுமாம். வட்டத்துக்கு ஆள் வேண்டாமா? நான் ஒருத்தியே எப்படி வட்டமா உக்கார்றது? அதனாலதான் சொல்றேன், உனக்குத் தைக்கத் தெரியாட்டியும் பரவால்லை. வட்டமா உக்காரத் தெரிஞ்சாப் போதும்.

இல்ல, நீ கேக்க வர்றது புரியுது. சம்பளம் என்னன்னுதானே? அதை அப்பறம் பேசிக்கலாம். முதல்ல இந்த எடத்தோட மனசைப் புரிஞ்சுக்கோ.

நான் பணத்துக்காக இதை ஆரம்பிக்கலை. எங்கூட்டுக்காரங்களுக்கு நூல் யாவாரம், ஒரு குறையும் இல்லை. ஊட்டுக்குப் பின்னாடி இந்த ஷெட்டு சும்மாதான் கெடந்துச்சு. கோயமுத்தூர்ல ஒரு பெரிய ஹோட்டல்ல பெண் முதலாளிகளுக்குப் பயிற்சின்னாங்க, போனேன். ஒரு அம்மா பேசுனாங்க பாரு, எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. ஆம்பளைக நடத்தற கம்பெனில மேல ஒருத்தன், கீழ நூறு பேரு. பொம்பளைக நடத்துனா எல்லாரும் சமமா வட்டமா உக்காரோணும், மனுசி முதல்ல, லாபம் அப்பறம்னாங்க. மத்தியானச் சாப்பாடும் நல்லா இருந்துச்சு. திரும்பி வர்றப்பக் கார்லயே முடிவு பண்ணீட்டேன், நானும் அப்படித்தான் நடத்தறதுன்னு.

அன்னைல இருந்து இங்க முதலாளின்னு யாருமில்லை. துணி வாங்கறது, சரக்கு விக்கறது, பேங்கு, செக்குல கையெழுத்து, ஆள் எடுக்கறது, நிறுத்தறது, இதை மட்டும் எங்கூட்டுக்காரங்க பாத்துக்குவாங்க. மத்த எல்லாமே பொம்பளைக கையிலதான்.

மேடம்னு கூப்பிடக் கூடாதுன்னுட்டேன். கோகிலவாணின்னு பேர் சொல்லியே கூப்பிடுங்கன்னேன். அப்படிச் சொன்னா மரியாதைக்கு அக்கான்னு கூப்பிடுவாளுகன்னுதான் நெனச்சேன். தெய்வானைன்னு ஒருத்தி, ஓவர்லாக் மெஷின்ல உக்காந்திருந்தவ, அன்னைக்குச் சாயங்காலமே 'கோகிலா, நூல் தீந்து போச்சு'ங்கறா. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கலை.

மாசத்துல அந்த நாள்ல வலின்னா லீவு. எந்த ஆம்பளை கம்பெனில கொடுப்பாங்க, சொல்லு? ரெண்டு வாரம் முந்தியே சொல்லீரோணும், அவ்வளவுதான். ஒருத்தி கூட எடுத்துக்கலை தெரியுமா? அவ்வளவு ஈடுபாடு. தீவாளி சமயத்துல பொழுது போனப்பறமும் தைப்பாளுக. மத்த எடத்துல அதுக்குப் பேரு ஓவர்டைம். இங்க பங்களிப்பு. பங்களிப்புக்குப் போய்க் காசு கொடுத்தா அது அவங்களைக் கேவலப்படுத்தற மாதிரி ஆயிரும்.

எல்லாத்துக்கும் மேல வட்டம். திங்கக்கெழமை காலைல மெஷினை நிறுத்திட்டு உக்காருவோம். 'இன்னைக்கு மனசு எப்படி இருக்குது'ன்னு ஒவ்வொருத்தரும் சொல்லோணும். ஒரே வார்த்தையில. ஏன் ஒரே வார்த்தைன்னா, உட்டா அவளுக கதையளக்க ஆரம்பிச்சுருவாளுக, வேலை நிக்கும். 'நல்லாருக்குது, நல்லாருக்குது'ன்னு ஒரு சுத்து வந்துரும். அப்பறம் நான் என்ர மனசைச் சொல்லுவேன். அதுக்கு ஒரு மணி நேரம் ஆகும், சமயத்துல ஒன்றரை. அந்த நேரத்துக்குக் கூலி கெடையாது, இங்க பீஸுக்குத்தானே கூலி? அவளுக மனசு வளர்றதுக்கு நான் எப்படிக் கூலி போடறது?

தொண்டை காஞ்சு போச்சு. காபி குடிக்கறயா? போட ஆளில்லை கண்ணு, நீயே போட்டுக்கோ, எனக்கும் சேத்து ஒண்ணு. அந்தா, பின்கதவு வழியாப் போனா சமையக்கட்டு. எனக்கு சக்கரை அரை ஸ்பூன், பூப்போட்ட கப்புல ஊத்து. நீ குடிக்கறதுக்குப் பின்னாடி ஜன்னல்ல ஒரு டம்ளர் கவுத்து வெச்சிருக்கும், அதுல ஊத்திக்கோ. வேற எதையும் எடுக்காதே. நான் இங்கிருந்தே சத்தமாப் பேசறேன், நீ போட்டுட்டே கேளு.

கேக்குதா? வாரம் ஒருத்தி தலைவி! அதுவும் என்ர யோசனைதான்! அந்த வாரம் அவ தோள்ல ஒரு கைத்தறிச் சால்வை, கத்திரிப்பூக் கலரு. அவ என்ன சொல்றாளோ அதுதான் முடிவு. சம்சாத்துன்னு ஒருத்தி, காஜா மெஷின்ல இருந்தவ, அவ வாரத்துல ரேடியோவுல என்ன பாட்டு வெக்கறதுன்னு முடிவு பண்ணா. இன்னொருத்தி வாசக் கோலத்துக்குக் கலர் முடிவு பண்ணா. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. தெய்வானை வாரம் வந்துச்சு, கெரகம் புடிச்சுது.

அட, அதுக்குள்ள போட்டுட்டயா? கொடு. ம். நல்லாப் போடறயே! எங்கூட்டு முத்து போடற மாதிரியே இருக்குது. யாரு சொல்லிக் கொடுத்தது? இல்ல, இரு, இப்பச் சொல்லாதே, கதை விட்டுப் போயிரும். என்ன, டம்ளரையே திருப்பித் திருப்பிப் பாக்கறே? கழுவித்தான் வெச்சிருக்குது, குடி.

சுவத்துல பாரு, பெயிண்டர் வெச்சு நான்தான் எழுதுனேன். 'இங்கே எல்லா வேலையும் எல்லோருடையது.' தெய்வானை அதை எனக்கே படிச்சுக் காட்டறா! 'கக்கூஸ் கழுவற வேலையும் அதுல சேத்திதானே? பிசிறு வெட்டற ரெண்டு சின்னப் புள்ளைகதான் தெனமும் கழுவுதுக. இனி வாரம் ஒருத்தர் கழுவலாம். யாரு கழுவறாங்களோ சால்வை அந்த வாரம் அவங்களுக்கு'ங்கறா. எல்லாரும் கை தட்டறாளுக. நானும் தட்டுனேன். நல்ல யோசனைதானே, அவளுகளுக்கு. பேர் எழுதிச் சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. என்ர பேரையும் எழுதிருக்கறா கண்ணு! முதல் சீட்டே என்ரதுதான்.

கழுவறதுக்கு நான் கூச்சப்படறவ இல்லை. கழுவற வேலையும் உயர்ந்த வேலைதான்னு எத்தனை மேடைல பேசிருக்கறேன்! ஆனா அந்த வாரம் மகளிர் தினம். ஏழெட்டுக் காலேஜ்ல கூப்பிட்டிருந்தாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பே 'உழைப்பின் கண்ணியம்'. அதை விட்டுட்டுக் கக்கூஸ் கழுவிட்டு இருக்க முடியுமா?

அதனால என்ர பங்குக்கு முத்துவைத் தாட்டி விட்டேன். முத்துன்னா முத்தம்மா, எங்கூட்டுல வேலை செய்யறவ. பதினெட்டு வருசமா இருக்கறா. வேலைக்காரின்னு நாங்க சொல்றதே இல்லை, எங்கூட்டு ஆளு மாதிரி. அவளும் பொம்பளைதானே? ஒரு பொம்பளைக்குப் பதிலா இன்னொரு பொம்பளை. கொள்கைக்கு என்ன குறை வந்துருச்சு?

அவ கழுவுனா. பளபளன்னு கழுவுனா, அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்லை. கழுவிட்டு ஊட்டுக்கு வந்துருவான்னு நான் நெனச்சேன். தெய்வானை விடலை. கழுவுனவங்களுக்குத்தான் சால்வைன்னு முத்து தோள்ல போத்தி, கையைப் புடிச்சு வட்டத்துல உக்கார வெச்சிருக்கறா. அதோட விட்டாளா? 'முத்தக்கா, இன்னைக்கு உங்க மனசு எப்படி இருக்குது'ன்னு கேட்டிருக்கறா.

நான் அப்ப இங்க இல்லை. பவானிப் பக்கம் ஒரு காலேஜ்ல பேசிட்டிருந்தேன். சம்சாத்துதான் அப்பறமாச் சொன்னா. முத்து பேச ஆரம்பிச்சவ மத்தியானச் சோத்துக்குத்தான் நிறுத்துனாளாம். ஒரே வார்த்தைன்னு விதி இருக்குதே, ஒருத்தியாவது ஞாபகப்படுத்த வேண்டாமா? ஒரு மெஷின் ஓடலை அன்னைக்கு.

என்ன பேசுனாங்கறே? என்னையத்தான். வேற என்ன இருக்குது அவளுக்குப் பேச? நடுவுல அவ சொந்தக் கதையும் என்னமோ சொன்னாளாம். சம்சாத்து அதையும் சொல்ல வந்தா. எனக்கெதுக்கு அதெல்லாம், எங்களைப் பத்தி என்ன சொன்னா, அதை மட்டும் சொல்லுன்னுட்டேன்.

முன்வாசல்ல ஒரு நாளும் வந்ததில்லைன்னாளாம். பின்வாசல்தான் கண்ணு அவளுக்குக் கிட்டம்! பஸ்ஸை விட்டு எறங்குனா நேரா அங்கதான் வரும். அவ சௌரியத்துக்குச் செஞ்சது அது. குடிக்க டம்ளர் தனின்னாளாம். ஆமா, தனிதான். நீ இப்பக் கையில வெச்சிருக்கறயே, அதேதான். அவளுக்குன்னே புதுசா வாங்கி, பாத்திரக்கடைல பேர் வெட்டிக் கொடுத்தேன். இந்த ஊட்டுல பேர் வெட்டுன டம்ளர் வேற யாருக்கு இருக்குது? எனக்கே கெடையாது. சாதியெல்லாம் நாங்க பாக்கறதே இல்லை. சுத்தம் பாப்போம், அவ்வளவுதான்.

அப்பறம் இன்னொண்ணு. சாயங்காலத்துல நான் மேடைப் பேச்சைச் சொல்லிப் பாப்பேன், முத்து முட்டிக்கு எண்ணெய் தேச்சு விடுவா. பெண் விடுதலை பத்தி நான் பேசுன அத்தனை பேச்சையும் முதல்ல கேட்டவ அவதான். எத்தனை பேருக்கு அந்தக் குடுப்பினை? அதையும் வட்டத்துல சொல்லி, என்னைய மாதிரியே கையை ஆட்டி ஆட்டிப் பேசிக் காட்டுனாளாம். 'சகோதரிகளே, யாருக்கும் குனியாதீர்கள்!'னு சொல்லிட்டு, அதே மூச்சுல, 'இன்னும் கொஞ்சம் கீழ தேய் முத்து'ம்பேனாம். இருபது பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாளுகளாம்.

சிரிக்கட்டும். எனக்கு வலிக்கலைன்னு சொன்னா அது பொய்யி. காருக்குள்ள உக்காந்து அழுதேன். பதினெட்டு வருசம் ஒரு வார்த்தை எதுத்துப் பேசாதவ கண்ணு. சாப்பிட்டயான்னு கேட்டாக் கூடத் தலையைத்தான் ஆட்டுவா. அவகிட்ட இத்தனை பேச்சு இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

சரி, பேசுனதோட போச்சா? அந்த வாரம் தலைவி அவதானே, அவ சொல்றதுதானே முடிவு? 'அடுத்த வட்டம் முன்னூட்டு ஹால்ல'ன்னு சொல்லிட்டா. திங்கக்கெழமை காலைல நான் ஹால்ல பேப்பர் படிச்சுட்டிருக்கறேன், முன்வாசல்ல கொத்தாச் செருப்பு. எல்லாருக்கும் முன்னாடி முத்து, சால்வையோட. வாசப்படிகிட்ட வந்து கதவு நெலைல கையை வெச்சுச் சித்த நேரம் நின்னா. அப்பறம் வலது காலை எடுத்து வெச்சு உள்ள வர்றா, என்னமோ கல்யாணம் முடிஞ்சு வர்ற பொண்ணு மாதிரி.

வட்டமா உக்காந்தாளுக. நானும் உக்காந்தேன், சோபாவுல. மனசு எப்படி இருக்குதுன்னு ஒரு சுத்து வந்துச்சு. அன்னைக்கு ஒருத்தியும் நல்லாருக்குதுன்னு சொல்லலை. கடைசியா முத்து என்னைய நிமுந்து பாத்தா. 'இன்னைக்குக் காபி கோகிலா போடட்டும்'னா.

எங்கூட்டுக்காரங்க பூஜை ரூம்ல இருந்து மணியும் கையுமா வெளிய வந்துட்டாங்க. 'எவ அவ, பேர் சொல்றது?'ன்னு.

நான் கோபப்படலை. கோபம் ஆம்பளைக குணம். நிதானமாத்தான் சொன்னேன். 'காபி போடறது எனக்குப் பெரிசில்லை முத்து, ஆனா எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குது'ன்னேன். 'என்ன முறைங்க'ன்னு கேட்டா. பதினெட்டு வருசத்துல அவ என்னையக் கேட்ட முதல் கேள்வி அது. எங்கூட்டுக்காரங்கதான் சொன்னாங்க, எல்லாரும் பின்பக்கம் போங்கன்னு.

ஒருத்தியும் எந்திரிக்கலை. சரி, ஜனநாயகப்படியே போலாம்னு, வட்டத்தைக் கலைச்சரலாம்ங்கறவங்க கையைத் தூக்குங்கன்னேன். நான் தூக்குனேன். எங்கூட்டுக்காரங்க தூக்குனாங்க, மணியோட. வேண்டாங்கறவங்க தூக்குங்கன்னேன். அத்தனை பேரும் தூக்கிட்டாளுக. ஆனா அதெல்லாம் உணர்ச்சிவசப்பட்டுத் தூக்குன கை. அதைக் கணக்குல எப்படிச் சேத்தறது? கலைச்சது கலைச்சதுதான்னுட்டேன்.

அன்னைக்குப் போனவளுகதான். முன்வாசல் வழியாவே போனாளுக. முத்து சால்வையை மடிச்சுச் சோபா மேல வெச்சா, அவளும் கூடவே போயிட்டா. நான் வெளிய வந்து, 'முத்து, மத்தியானத்துக்குச் சாம்பாரா ரசமா?'ன்னு கேட்டேன். அப்படிக் கேட்டா நின்னுருவான்னு நெனச்சேன். திரும்பியே பாக்கலை.

இப்ப ரயில்வே கேட்டுக்கு அக்கட்டால ஒரு ஷெட்டு புடிச்சிருக்கறாளுக. பழைய மெஷினுக. என்ர கடைக்காரங்களே சில பேரு அங்க ஆர்டர் கொடுக்கறாங்க. பேர்ப் பலகை கூடக் கெடையாதாம். இங்க முதலாளி யாருன்னு போய்க் கேட்டா ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்துச் சிரிக்கறாளுகளாம். வட்டத்துல உக்கார்ற நேரத்துக்கும் கூலி போட்டுக்கறாங்களாம். வலின்னா அன்னைக்கே லீவாம். நீயே சொல்லு, இப்படி நடத்துனா லாபம் எங்கிருந்து வரும்? லாபத்தைப் பெரிசா நெனைக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன், இல்லைங்கலை. அதுக்காக நெசமாவேவா நெனைக்காம இருப்பாங்க?

சரி, போனது போகட்டும். நம்ம புதன்கெழமைக்கு வருவோம். உனக்குத் தெரிஞ்ச புள்ளைக இன்னும் பத்துப் பேரு இருந்தாக் கூட்டிட்டு வா. விருதுக்காரங்க வர்றப்ப எல்லாரும் சிரிச்ச முகமா இருக்கோணும். கேட்டா ஒரே வார்த்தைதான். இப்பவே ஒருதடவை பழகிக்கலாமா? நீயும் நானும்தான் வட்டம். சொல்லு கண்ணு, இன்னைக்கு மனசு எப்படி இருக்குது?

என்ன? டம்ளரா? மனசைக் கேட்டா டம்ளர்ங்கறே?

ஓ. அதை வாங்கிட்டுப் போகத்தான் வந்தயா நீ. அங்க சீட்டுக் குலுக்கிப் போடறதுக்கு அந்த டம்ளர்தான் வேணும்னாங்களா? இத்தனை நேரம் உக்காந்து கேட்டுட்டு இருந்தயே, வந்ததும் சொல்றதுக்கு என்ன? நான் எங்க சொல்ல விட்டேன்னா கேக்கறே? நல்லாருக்குதே! யாரு உன்னையத் தாட்டி விட்டது, தெய்வானையா?

அம்மாவா? யாரு அம்மா?

முத்துவுக்கு மக இருக்குதா?

இத்தாச்சோடு வளந்து நிக்கறயே. படிக்கறயா? காலேஜ் வேற முடிச்சுட்டயா?

பாத்தயா கண்ணு. பதினெட்டு வருசம் இந்த ஊட்டுல இருந்தா. எனக்கு ஒரு மக இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே உங்கம்மா. இதைத்தான் நான் ஊர் ஊராப் போய்ச் சொல்லிட்டு இருக்கறேன். மனசு விட்டுப் பேசற பழக்கமே நம்ம பொம்பளைகளுக்குக் கெடையாது.

போறயா? சித்த நில்லு. டம்ளரை எடுத்துக்கோ, அது அவளோடதுதான். புதன்கெழமை மட்டும் அவளைச் சித்த வரச் சொல்லு. மத்தவளுகளையும் கூட்டிட்டு வரட்டும். ஒரு மணி நேரம் உக்காந்து எந்திரிச்சாப் போதும். முன்வாசல் வழியாவே வரலாம்னு சொல்லு, அன்னைக்கு ஒரு நாளைக்கு.